சர்க்கரை டப்பாவில் சாய்ந்திருப்பது

குட்டாயிசி நகரம், ரியோனி ஆற்றுக்கு இந்தப் பக்கம்,
லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தின் ஐந்தாம் மாடி.
மூச்சு வாங்க ஏறிப்போய் என் படிவத்தை விரித்தேன்.
எந்த ஊடகம், எவ்வளவு நேரம், யாரோடு, எதற்காக.

முதல் நாள் நுக்ரி ஒழுங்காகப் பதில் சொன்னார்.
செய்தி ஒரு மணி நேரம். கால்பந்து இருந்தால் இரண்டு.
ஃபோனா? ஃபோன் பேசத்தான்.
மினிபஸ் ஓட்டுகிறவருக்குத் தெரியும்
சோதனைக்கு வருகிறவர்களிடம் எப்படிப் பேசுவதென்று.

மூன்றாம் நாள் என்னை மறந்துவிட்டார்கள்,
அலமாரியில் ஓடிக்கொண்டிருந்த என் ரெக்கார்டரையும்.
பழைய டிவியின் சூட்டில் வாத்தோவின் காலுறைகள் காய்ந்தன.
நுக்ரியின் தங்கை சியாலா
அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு ரேடியோவைக் கூட்டி வைப்பாள்.
வெளியே வரும்போது கண் சிவந்திருக்கும்.
என்ன பாட்டு என்று கேட்டேன்.
கவனிக்கவில்லை என்றாள்.

ஏழு மணிக்குச் சர்க்கரை டப்பாவில் ஃபோனைச் சாய்த்து வைப்பார்கள்.
அதற்குள் லமாரா. நுக்ரியின் மனைவி.
இத்தாலியில், பாரியில்,
படுத்த படுக்கையான ஒரு அம்மாளுக்குத் துணையாக
ஆறு வருடம்.
பேனா மூடியைத் திறந்து காத்திருந்தேன்.
யாரும் பேசவில்லை.
இங்கே வாத்தோ கணக்குப் போட்டான்.
அங்கே அவள் பீன்ஸ் நறுக்கினாள்.
அந்த அம்மாள் அங்கே இருமினால்
இங்கே நுக்ரி, திரும்பிக்கூடப் பார்க்காமல்,
டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.
நாலு மணி நேரத்துக்கு ஒன்பது வாக்கியம்.
அதில் மூன்று உப்பைப் பற்றி.

‘உரையாடல்’ என்று எழுதி அடித்தேன்.
‘பார்த்தல்’ என்று எழுதி, அதையும்.

பன்னிரண்டாம் நாள், காகிதம் வைக்க இடம் பற்றாமல்
டப்பாவைக் கொஞ்சம் நகர்த்தினேன்.
ஃபோன் குப்புற விழுந்தது.
வாத்தோவின் பென்சில் நின்றது.
மேசைத்துணிக்குள்ளிருந்து லமாராவின் குரல்:
‘யார் விளக்கை அணைச்சது?’

பாரியில் அவள் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.
அவள் கேட்டது இந்தக் குழல்விளக்கை.

நுக்ரி திட்டவில்லை.
ஃபோனைச் சட்டையில் துடைத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு
ரொட்டித் தட்டைத் தன் மடியில் எடுத்துக்கொண்டார்.
‘இப்ப வை உன் காகிதத்தை.’

திபிலிசியில் பேராசிரியை கேட்டார்,
ஆக மொத்தம் எத்தனை நிமிடம்?
உங்கள் வீட்டு ஜன்னலை
தினம் எத்தனை நிமிடம் பயன்படுத்துகிறீர்கள் என்று
திருப்பிக் கேட்க நாக்கு வரை வந்தது.
மானியம் மார்ச்சோடு முடிகிறது.
ஒரு எண்ணைச் சொன்னேன்.

கடைசி நாள், செருப்பு மாட்டும்போது
சியாலா மாடிப்படி வரை வந்தாள்.
‘உன் ரெக்கார்டர்ல நான் அழுதது விழுந்திருக்கா?’
ரேடியோ மட்டும்தான் என்றேன்.
‘நல்லது,’ என்றாள்.
இரண்டு படி இறங்கியிருப்பேன்.
‘என்ன பாட்டு?’