மார்கழியில் ஏர்கூலர்

அந்த நாட்டில் வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிறு.
கேம்ப்பில் பன்னிரண்டாம் நம்பர் அறை,
ஜன்னலுக்குப் போர்வை.
ஏசியை முழுசாக வைத்துவிட்டுத்தான்
'ஆண்டவரே இரக்கமாயிரும்'.
சிலுவையை ஒருமுறை அரிசிச் சாக்குக்குள் ஒளித்து
மூன்று நாள் தேடினோம்.
போலீஸ் வந்தது ஒரே தடவை.
பகிர வைத்திருந்த குபூஸை அவசரமாகத் தின்றுவிட்டு
சீட்டாடுகிற மாதிரி உட்கார்ந்திருந்தோம்,
சீட்டில்லாமல்.

பதினோரு வருஷம்.
ஞானஒளிவுபுரம் கோயிலில் இப்போதும்
என் வாய் அசையும், சத்தம் வராது.
அமலோற்பவம் முழங்கையால் இடிப்பாள்.

நேற்று இருட்டியதும் தெருச் சங்கத்தார் மனுவோடு வந்தார்கள்.
எதிர் மாடியில் பக்கீர்
ஆள் சேர்த்துத் தொழுகிறாராம்.
"உங்களுக்குத் தெரியாததா சார்,
அங்கே உங்களை என்ன பாடு படுத்தினாங்க?"
பேனா எழுதவில்லை.
உதறிக் கொடுத்தார்கள்.

அப்போதுதான் காதில் விழுந்தது.
போர்த்திக்கொண்டு நடக்கிற குளிர்;
எதிர் மாடியில் ஏர்கூலர்
முழு வேகத்தில் இரைந்துகொண்டிருந்தது.

பேனாவை மூடிக் கொடுத்தேன்.
தெருவைக் கடந்து
பாதிப் படி ஏறி நின்றேன்.
மேலே ஏழெட்டு ஜோடிச் செருப்பு,
ஒன்று குழந்தையுடையது.

கதவைத் தட்டவில்லை.
தட்டினால் உள்ளே அது எப்படிக் கேட்கும் என்று
எனக்குத் தெரியும்.