வாய்மொழி

ஃபால் ரிவர், மூன்றாம் மாடி நெசவுக்கூடம்.
ஒரு தறி அடிக்கிற அடியில்
சுவரில் அறைந்த ஆணி தானே கழன்று வரும்.
அங்கே அறுநூறு தறி.
கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வந்த முதல் வாரம் கத்திப் பார்த்தேன்.
என் சத்தம் என் காதுக்கே எட்டவில்லை.
பக்கத்துத் தறிக்காரி சிரித்தாள்.
தன் உதட்டைத் தொட்டுக் காட்டினாள்:
இங்கே பார்.
கேட்காதே.

அவள் தியோலிண்டா, அசோர்ஸ் தீவுக்காரி.
வீட்டில் போர்த்துக்கீசு.
நான் எக்ஸில்டா, கியூபெக்கிலிருந்து ரயிலேறி வந்தவள்.
வீட்டில் பிரெஞ்சு.
கங்காணிக்கு ஆங்கிலம், அதிலும் பாதி வசவு.
நாங்கள் பேசியது இவற்றில் எதுவுமில்லை.

மூக்குக்குக் கீழே விரல் வைத்தால்
மீசைக்காரக் கங்காணி வருகிறான்.
இரண்டு விரல் பிரிந்தால் பாவு அறுந்தது.
வயிற்றில் உள்ளங்கை வைத்து
கூரையைப் பார்த்தால்
இந்த மாதமும் தள்ளிப்போயிற்று.
மற்றதெல்லாம் உதடு,
கொஞ்சம் புருவம்.

ஆறு வருஷம் அப்படிப் பேசினோம்.
அவள் புருஷன் குடித்ததை,
மூத்தவன் பஞ்சு பிரிக்கும் அறையில் விரல் இழந்ததை,
இறந்த குழந்தையின் பெயரை
(அதை மட்டும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது)
எல்லாம் தெரியும் எனக்கு.

ஜன்னல்களை ஆணி அடித்து மூடியிருந்தார்கள்.
வறண்ட காற்று நூலுக்கு ஆகாதாம்.
குழாய்கள் ஆவி கக்கும்.
வெளியே முழங்கால் வரை பனி,
உள்ளே எங்கள் முதுகில் சட்டை ஒட்டிக் கிடக்கும்.
ஒரு நூல் அறுந்தால் தறி நிற்கும்.
நாங்கள் அறுந்தால்
வாசலில் ஆள் நிற்கும்.

தார் தீர்ந்தால்
நாடாவின் கண்ணில் உதட்டை வைத்து
நூலை உறிஞ்சி இழுக்க வேண்டும்.
பஞ்சுத் தூசும் எண்ணெயும் கூடவே வரும்.
அவசரத்தில் அவள் நாடா எனக்கு, என் நாடா அவளுக்கு.
என் அம்மாவுக்குக்கூட நான் எச்சில் கிண்ணம் நீட்டியதில்லை.
தியோலிண்டாவின் எச்சில் எனக்குத் தெரியும்:
மூக்குப்பொடி காரம்,
அடியில் லேசாக இரும்பு.
கடைசி வருஷம் அந்த இரும்பு கூடிக்கொண்டே போனது.
இருமல் என்று உதடு பார்த்து யாரும் சொல்லத் தேவையில்லை.
தோள் சொல்லிவிடும்.

ஜூலையில் கூலியைக் குறைத்தார்கள்.
நூற்றுக்குப் பன்னிரண்டரை.
அந்த அரையை எந்த மகராசன்
உட்கார்ந்து கணக்கிட்டானோ.

திங்கட்கிழமை காலை
தறிகளை விட்டு எல்லோரும் கை எடுத்தோம்.
வார்ப்பட்டைகள் சும்மா சுற்றி, தள்ளாடி,
நின்றன.

கட்டிடத்துக்கு அடியில் ஆறு ஓடுகிறது என்பதை
அன்றுதான் கேட்டேன்.

தியோலிண்டா என் பக்கம் திரும்பி
ஏதோ சொன்னாள்.
கரகரத்த, கனத்த குரல்,
துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவன் குரல்.
ஆறு வருஷமாக அவளுக்கு நான் கொடுத்திருந்தது
என் தங்கையின் கீச்சுக் குரலை.
யாரோ அந்நியப் பெண் அவள் வாயில் ஏறி உட்கார்ந்த மாதிரி
ஓரடி பின்வாங்கினேன்.
ஒரு சொல்லும் புரியவில்லை.
நான் பதில் சொன்னேன்.
அவளும் விழித்தாள்.

கொஞ்ச நேரம் இருவரும் தரையைப் பார்த்தோம்,
வெட்கப்பட்டது போல.

பிறகு குரலை அணைத்துவிட்டு
உதட்டால் மட்டும் கேட்டாள்:
வீட்டில் மாவு இருக்கிறதா?

நாலு நாளைக்கு, என்றேன்.

ஆறு மாதம் நீண்டது வேலைநிறுத்தம்.
ஜனவரியில் அதே குறைந்த கூலிக்குத்தான் படியேறினோம்.
வென்றோம் என்று சொல்ல ஆசைதான்.
அவள் தறியில் ஒரு போலந்துப் பையன் நின்றான்.
கத்திக்கொண்டிருந்தான் பாவம்,
வாய் மட்டும் தெரிந்தது.

என் தார் தீர்ந்தது.
கைக்குக் கிடைத்த நாடாவை எடுத்தேன்.
பக்கவாட்டில் அவள் கீறி வைத்த சிலுவை.
துடைத்திருக்கலாம்.
துடைக்கவில்லை.
உதட்டை வைத்து உறிஞ்சினேன்.
நூல் வந்தது,
கூடவே கொஞ்சம் மூக்குப்பொடி.