இரண்டாம் புட்டி

புட்டியின் மேல் எழுதியிருந்தது
மனிதருக்கு மட்டும் என்று.
ஓட்வரிடம் முதலில் அதைத்தான் காட்டினேன்.
கண்ணாடியைத் தேடி எல்லாப் பைகளையும் தட்டிவிட்டு
"நீயே படி" என்றார்.

பூடோவில் ஜனவரி.
பதினொரு மணிக்கு வந்து
இரண்டுக்குள் போய்விடும் வெளிச்சம்.
மேசைமேல் ஸ்கார்வ்.
காலுக்கு ஆறு விரல்,
பாறை இடுக்கில் பஃபின் பறவையைத் தேடிப்
புகுந்து வளைந்து திரும்பப் பிறந்த இனம்.
இன்று தன் வயிறே அதற்கு ஏறமுடியாத பாறை.
பின்னங்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தேன்.
குழி அப்படியே நின்றது,
பிசைந்த மாவில் போல.

லிட்டருக்குப் பதினொரு கிராம் ஆல்புமின்.
இருபத்தைந்தாவது இருக்க வேண்டும்.
மீதியெல்லாம் குடல் வழியாக ஒழுகிவிட்டது.

நாற்பது வருடம் படகு எஞ்சின் அறையில் இருந்தவர்.
"தொட்டி ஒழுகுகிறது, நீ எண்ணெய் ஊற்றுகிறாய்."
"ஒட்டுப்போடும் வரை எஞ்சின் நிற்கக் கூடாதே."
அது நல்ல பதில்தானா என்று
இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

சொல்ல வேண்டியதைச் சொன்னேன்:
காய்ச்சல் வரலாம், தடிப்பு, வாந்தி,
ரத்த அழுத்தம் சரியலாம்,
வேகம் கூடினால் நுரையீரலில் நீர் கோக்கும்.
இதையெல்லாம் தாண்டினாலும்
பத்து நாள் கழித்து ஒன்று வரலாம்.
"போடாவிட்டால்?"
நான் வயிற்றைப் பார்த்தேன்.
அவரும் பார்த்தார்.

இரவு முழுக்கச் சொட்டுகளை எண்ணினேன்.
காது மடலைப் புரட்டிச் சிவப்பு தேடினேன்.
எந்த ஊரிலோ யாரோ
சட்டைக்கையைச் சுருட்டிக் கொடுத்தது,
ஒரு நாயின் முன்னங்காலுக்குள்
இறங்கிக்கொண்டிருந்தது, மஞ்சளாக, சத்தமில்லாமல்.

காலையில் பதினேழு.
வேகவைத்த காட் மீன் நாலு வாய்.
ஓட்வர் தொப்பியைக் கழற்றி
மறுபடியும் போட்டுக்கொண்டார்.

ஒன்பதாம் நாள் தொலைபேசி.
முகம் வீங்கிக் கண்கள் கோடாகிவிட்டன,
மூட்டுகள் சுடுகின்றன,
படியிறங்க மறுக்கிறது.
ரத்தம் அப்போதுதான்
அந்த வரியைப் படித்து முடித்திருக்கிறது:
மனிதருக்கு மட்டும்.

அதிலிருந்தும் மீண்டது, எலும்பும் தோலுமாக.
மூன்றாம் வாரம் எண் மறுபடி பதிமூன்று.

ஓட்வர் மேசையில் பணத்தை வைத்தார்,
எண்ணாமல், நனைந்த தாள்கள்.
"இன்னொரு புட்டி."
முடியாது என்றேன்.
இனி அந்நியனை அதன் உடம்புக்குத் தெரியும்.
இரண்டாம் முறை பத்து நாள் ஆகாது,
பத்து நிமிடம் போதும்.
"நாயிடமிருந்தே எடுத்தது?"
எங்கும் கேட்டுப் பார்த்தாயிற்று.
"என் ரத்தம் என்றால்?" என்றார்,
கேட்ட பிறகு தானே சிரித்தார்,
சிரிப்பு பாதியில் நின்றது.

மாத்திரையை மாற்றினேன். கொழுப்பில்லாத சோறு, மீன்.
வாசலில் பனி இறுகிக் கிடந்தது.
ஸ்கார்வை மேலங்கிக்குள் வைத்துப் பொத்தானிட்டு
பக்கவாட்டில் அடி வைத்து நடந்தார்,
ஆடும் தளத்தில் நடப்பவர் போல.

குளிர்பெட்டியில் இரண்டாம் புட்டி இருக்கிறது.
மார்ச் வரை கெடாது.