பால்கனியில் எடுத்த அளவு

ஔலு நகரில் ஜனவரி.
மூன்றாம் மாடியில் எங்கள் சோதனை அறை:
இரண்டு மேசைகள், ஒரு வெப்பமானி,
எது எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று
கோள் சொல்லும் ஒரு மீட்டர்,
அப்புறம் ஹில்க்காவின் ஈரக் கையுறைகள்.

மேசைக் கணினிக்குள் இருப்பதும்
மடிக்கணினிக்குள் இருப்பதும்
பேருக்கு ஒரே பிராசசர்தான்.
ஒரே குடும்பம், அதே நான்கு இலக்கம்.
சின்னதற்கு மட்டும் வாலில் ஓர் எழுத்து.
அந்த எழுத்துக்கு என்ன விலை என்று
கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

இரண்டுக்கும் ஒரே வேலை கொடுத்தேன்:
ஒரு சமையலறைப் படம் வரைய வேண்டும்.
ஒவ்வொரு கரண்டியின் குழியிலும்
ஜன்னல் எப்படி வளைந்து தெரியும் என்று
கணக்குப் போட்டே ஆக வேண்டும்.
முடிந்தால் மறுபடி. அரைமணி நேரம். நிறுத்தாமல்.

முதல் ஒன்றரை நிமிடம்
யாரும் யாருக்கும் சளைக்கவில்லை.
நூற்றுப்பத்து வாட் இழுத்துக்கொண்டு
பெரியதன் தோளை உரசியபடி ஓடியது சின்னது.
விளம்பரங்கள் எல்லாம்
இந்த ஒன்றரை நிமிடத்துக்குள்தான் எழுதப்படுகின்றன.

பிறகு தொண்ணூற்றாறு டிகிரி.
விசிறி அலறியது.
விரல்கடை தடிமனுள்ள உடம்புக்குள்
சூடு புரண்டு படுக்க இடமில்லை.
நூற்றுப்பத்து எழுபதாயிற்று,
எழுபது நாற்பத்தைந்தாயிற்று.
தோற்றது என்று எழுத எனக்கு மனமில்லை.
பொங்கி வரும் பாலுக்கு
அடுப்பைத் தணிப்பதுபோல
தன்னைத் தானே தணித்துக்கொண்டது.

பெரியதோ
நூற்றெண்பது வாட்டைத் தின்றுவிட்டு
எழுபத்தெட்டு டிகிரியில் சாவகாசமாக இருந்தது.
தலையில் செங்கல் கனத்துக்குச் செம்பும் அலுமினியமும்.
அவ்வளவு இடம் கிடைத்தால்
யார்தான் நிதானமாக இருக்க மாட்டார்கள்?

அரைமணி முடிவில்
பெரியது முப்பத்தொரு படம், சின்னது பதினேழு.
ஆனால் ஒரு வாட்டுக்கு எத்தனை என்று வகுத்தால்
சின்னது ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி.
எதை முதல் வரியில் போடுவது?
பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"பாவம், அதற்குக் கொஞ்சம் காற்று வேண்டும்"
என்று பால்கனிக் கதவைத் திறந்தாள் ஹில்க்கா.
மைனஸ் இருபத்தாறு.
கதவிடுக்கில் மின்வடம் நசுங்க
காலி பீர்ப் பெட்டியைக் கவிழ்த்து
அதன்மேல் மடிக்கணினியை வைத்தோம்.
கீழே நாயோடு போனவர்
நின்று, அண்ணாந்து பார்த்து,
எதுவும் கேட்காமல் நடந்தார்.
இந்த ஊரில் அதுதான் மரியாதை.

விசிறியின் அலறல் முனகலானது.
நாற்பத்தைந்து அறுபதாயிற்று. தொண்ணூறு.
திரைதான் குளிரில் விறைத்து
எழுத்துகள் தங்கள் நிழலை
இழுத்து இழுத்து நகர்ந்தன.
என் மூக்கு எனக்கே தெரியவில்லை.
இருபத்தாறு படம்!
ஹில்க்கா குதித்ததில் பனிக்கட்டி ஒன்று
கைப்பிடிக் கம்பியிலிருந்து உடைந்து விழுந்தது.

உள்ளே கொண்டுவந்ததும்
மூடி, ஓரம், கீல் எல்லாம் வியர்த்தது.
அணைத்துவிட்டு, யாரும் தொடக் கூடாது என்று
துண்டுச்சீட்டு ஒட்டினோம். நான்கு மணி நேரம்.

தலைமை ஆசிரியர் அஹ்தி அட்டவணையைப் பார்த்தார்.
"பால்கனி என்று ஒரு பத்தியா?"
ஒரே கோடு.
"வாங்குகிறவர்கள் மடியில் வைத்துக்கொள்வார்கள்,
மொட்டை வெளியில் அல்ல."
நியாயம்தான். அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும் என்று
அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மாலை. மீதிக் கட்டுரையைக் காயானி ரயிலில் முடிப்பதாகச் சொல்லி
காய்ந்த மடிக்கணினியைப் பைக்குள் செருகினாள் ஹில்க்கா.
கையுறைகளைத் தேடினாள்.
பெரியதன் முதுகில்,
வெந்காற்று வரும் வலைமேல்
காலையிலேயே யாரோ காயப்போட்டிருந்தார்கள்.
மாட்டிக்கொண்டு ஒரு கணம் கண்ணை மூடினாள்.

"எவ்வளவு?" என்றேன், மீட்டரைக் காட்டி.
பதில் சொல்லாமல் படியிறங்கினாள்.
நான் முப்பத்தொன்றுக்குக் கீழே
பதினேழு என்று எழுதினேன்.