ஐந்தாம் இதழ், பின்னட்டை

அறுபது சொல் போதும் என்கிறாள் ஹுய் மின்,
கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்ட.
வடிவமைப்பை மட்டும் எழுதுங்கள் அக்கா,
கதை வேண்டாம்.

சரி. வடிவமைப்பு.
ஏ4 தாளை நடுவில் மடித்தது, இருபது பக்கம்.
இரண்டு ஊசி, மேலே உள்ளது எப்போதும் கோணல்.
‘தகரக்கூரை’ என்ற இசைக்குழுவுக்கு
மொத்தமே நாற்பது ரசிகர்கள் இருந்த காலத்தில்
செந்தூலில் அறுபது பிரதி அடித்தோம்,
பக்கத்துக்கு ஐந்து காசு.

தலைப்பு எழுத்துகள் செய்தித்தாளில் வெட்டியவை.
‘த’ ஒரு மரண அறிவிப்பிலிருந்து,
‘க’ தங்க விலையிலிருந்து.
‘கூ’ எங்கும் அகப்படாமல்
ஒரு ‘கு’வுக்கு மையால் வால் நீட்டியிருக்கிறது.
அதனால் பெயர் நொண்டி நொண்டி நடக்கும்.
அவர்கள் தாளமும் அப்படித்தான்.

எல்லாப் பக்கத்திலும் வலது ஓரத்தில்
மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு.
தைப்பிங்கிலிருந்து ஒருவர் கடிதம் போட்டார்:
‘தண்டவாளத்தை நினைவூட்டும் துணிச்சலான உத்தி.’
அது ஆ லியோங் கடை இயந்திரக் கண்ணாடியின் கீறல்.
நாங்கள் மறுக்கவில்லை.

நகலின் நகலின் நகலில்
முதலில் சாவது புள்ளி.
மூன்றாம் அடிப்பில் மெய்யெல்லாம் அகரம் ஏறி
சத்தம் சததம ஆனது.
ஓலையில் எழுதியவர்கள் மட்டும் புள்ளி வைத்தார்களா என்று
தலையங்கத்தில் சமாளித்தேன்.
அந்தத் தலையங்கத்திலும் புள்ளி இல்லை.

பின்னட்டை.
மற்ற பக்கங்களில் மூச்சுவிட இடம் கிடையாது,
விளம்பரத்தின் மேல் பேட்டி, பேட்டியின் மேல் கிதார்.
இங்கே மட்டும் ஆசிரியர் குழு என்று
என் பெயர், சுகுணேஸ் பெயர்,
அவற்றுக்குக் கீழே
தீப்பெட்டி அளவு வெண்மை.
ஐந்து இதழிலும் அதே அளவு, அதே இடம்.
நான் எழுதத் தொடங்கியிருந்தேன்:
‘நெரிசலுக்கு நடுவே வேண்டுமென்றே விடப்பட்ட மௌனம்’

அப்புறம்தான் மூலத்தாளை ஸ்கேனரில் வைத்தேன்,
பசை காய்ந்து மஞ்சளேறியதை,
முதன்முறையாக வண்ணத்தில்.

வெளிர்நீலப் பென்சில்.
வெட்டி ஒட்டும் முன் கோடு போட
பிலோமினா வைத்திருந்தது.
நகல் இயந்திரத்துக்கு அந்த நீலம் தெரியாது.
எங்களுக்கும்.

ஓரமெல்லாம் அவள் கையெழுத்து:
‘12 மி.மீ.’
‘படம் சாய்ந்தால் சாயட்டும்’
‘சுகு, இந்தப் பத்தி பொய். அன்றைக்கு மழையே இல்லை’
‘மணி 2.10. ரெண்டு பேரும் தூங்கியாச்சு, பக்கம் 14 இன்னும் வரல’

தீப்பெட்டி வெண்மைக்குள்
அச்சுப் போல, அவசரமில்லாமல்:
‘வடிவமைப்பு, பிலோமினா சவரிமுத்து.’
அதற்கும் கீழே, பொடி எழுத்தில்,
‘கேட்டால் மையில் எழுதுவேன்.’

ஆறாம் இதழ் வரவில்லை.
ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம்
காகித விலை என்று சொல்லியிருக்கிறேன்,
இருபத்தேழு வருடமாக.

ஹுய் மின்னின் குறுஞ்செய்தி:
ஏதோ நீலக் கறை தெரிகிறதே,
சுத்தம் செய்து அனுப்ப முடியுமா?

சுட்டியை வலப்பக்கம் இழுக்கிறேன்.
மழை பொய் என்றது மறைகிறது,
2.10 மறைகிறது, சவரிமுத்து, பிலோ,
கூடவே, நாடா தீர்ந்த தட்டச்சில்
பென்சிலைவிட மெலிந்து கிடந்த புள்ளிகளும்.
என் தலையங்கம் மறுபடி உளறத் தொடங்குகிறது.

இடப்பக்கம் இழுக்கிறேன்.

மௌனம் என்று எழுதியதை அழித்தாயிற்று.
தண்டவாளத்தையும்.
வெளியே கேடிஎம் ரயில் போகிறது,
மேசையில் தே ஓ ஆறிப்போய்விட்டது.
அறுபதில் இதுவரை நிற்பது இரண்டு சொல்.
இரண்டும் பெயர்ச்சொல்.