மெலிந்த கம்பியின் முனையில்

பதினேழாம் பெட்டி ஊளையிடுகிறதென்று
முதலில் சொன்னவன் தண்ணீர் லாரிக்காரன் எலிசெயோ.
கண்ணாடிப் பலகைகளைக் கழுவ வந்தவன்.
"என் மச்சான் குடித்துவிட்டுப் பாடுவான், அதே சுருதி."

பழி போட ஒரு மேகமும் கிடையாது
அட்டகாமாவில்.
பகல் பன்னிரண்டு பத்து.
இரட்டைத் தடத்தில் ஒரு கம்பியைப்
பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள்.
மிஞ்சிய ஒற்றைக் கம்பியின் நுனியில்
நூற்றிருபது மெகாவாட் வெயில்
குறுகிய வாசலில் கல்யாணக் கூட்டமாய்
முட்டிக்கொண்டு நின்றது.

யஸ்னா மமானி கதவைத் திறந்து
அலைகாட்டியின் கவ்வியை மாட்டினாள்.
வழுவழுவென்று வளைய வேண்டிய அலையின் தோளில்
ரம்பப் பற்கள்.

இன்வெர்ட்டருக்கு வேலை ஒன்றுதான்.
கம்பியின் அழுத்தம் எங்கே பூச்சியத்தைக் கடக்கிறதென்று பார்த்து
அதே அடிவைப்பில் மின்னோட்டத்தை ஊற்ற வேண்டும்.
கேட்டது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு,
விநாடிக்குப் பத்தாயிரம் தடவை கணக்குப் பார்த்து
பிழையைப் பெருக்கிப் பிழையைத் திருத்த வேண்டும்.
திருத்தம் வந்து சேர ஒன்றரைத் துடிப்பு பிந்தும்.
அந்த ஒன்றரைக்குள்தான்
எல்லாச் சனியனும் குடியிருக்கிறது.

சான்டியாகோவிலிருந்து ஓயர்சூனின் அழைப்பு.
"எங்கள் திரையிலும் ஆடுகிறதே, என்ன செய்கிறாய்?"
மோசமான இணைப்பு.
அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லும்
அரை விநாடி கழித்து அவள் காதுக்கே வந்தது.
அவர்தான் பேசுகிறாரென்று நிறுத்தினாள்.
தொடங்கினாள். திக்கினாள்.
கேட்கிறதா?
கேட்கிறதா?
குரலை உயர்த்தினாள், எதிரொலியும் உயர்ந்தது.

வாக்கியத்தின் பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

தடித்த கம்பியில் அழுத்தம் ஊருடையது.
மெலிந்த கம்பியில்
நாம் தள்ளியதுதான் திரும்பி வருகிறது.
பெட்டி கேட்டுக்கொண்டிருப்பது
பெட்டியை.

மடிக்கணினியை மணலில் வைத்துக் குந்தினாள்.
கட்டத்தைத் துரத்தும் வேகத்தைப் பாதியாக்கினாள்.
போதவில்லை. அதிலும் பாதி.
பெருக்கத்தைப் புள்ளி எட்டிலிருந்து புள்ளி ஐந்துக்கு.
ஊளை முனகலாகி
முனகல் விசிறிச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டது.
ரம்பம் மழுங்கிவிட்டது,
ஐந்தாம் மடங்கில் ஒரு சின்ன நெளிவைத் தவிர.
அதை விட்டுவிட்டாள்.

இனி இது மந்தக் காது.
எங்கோ ஒரு கோபுரம் சாய்ந்தால்
இந்தப் பெட்டிக்குத் தாமதமாகத்தான் தெரியும்.
அவளுக்கும் அது தெரியும்.

கதவின் உட்புறம் காகித நாடாவில்
எண், தேதி, "இரண்டாம் கம்பி வந்ததும் கூட்டவும்"
என்றெழுதி ஒட்டப் போனாள்.
அங்கே ஏற்கெனவே ஒரு நாடா,
மார்ச் மாதத்தது, வேறு கையெழுத்து:
"ரொம்ப மெதுவாக இருக்கிறது. கூட்டியிருக்கிறேன்."
அதற்கடியில் இன்னொன்று, வெயிலில் வெளுத்து,
"குறைத்தேன்" என்பது மட்டும் படிக்க முடிந்தது.