காலி என்று எழுதும் முன்

தருமபுரம் தண்ணீர்த் தாங்கியின் உச்சி.
மூன்றாம் இரவு.
கொழும்பில் தந்த கவ்வி துருவேறிவிட்டது,
அன்டெனாவைச் சேலைக் கிழிசலால் கட்டியிருக்கிறேன்.

திரையில் நானூற்றெழுபது மெகாஹேர்ட்ஸிலிருந்து
அருவி வெட்டிய வயலின் ஒட்டுப்போல
குட்டையாய் இரைச்சல்.
இரண்டே இரண்டு தொலைக்காட்சிகள்
அதற்குள் நிமிர்ந்து நிற்கின்றன.

படிவத்தில் இரண்டு கட்டம்:
பாவனையில். காலி.

காலி என்று எழுதுவது இலகு.
எங்கள் காணியையும் ஒருவர் அப்படித்தான் எழுதினார்,
எங்கள் கிணற்றுக்கட்டில் ஏறி நின்றபடி.
பச்சை மை, எல்லைக்கல், முடிந்தது.
விதி இருபத்துநாலு மணித்தியாலம் கேட்கச் சொல்கிறது.
நான் எழுபத்திரண்டு கேட்கிறேன்.

போன மார்கழி
போன் கோபுரத்தின் பற்றரி விடியுமுன் செத்தது.
இரணைமடு வான்கதவு திறக்கிற செய்தியைக்
கேதீஸ்வரன் மோட்டார்சைக்கிளில் கொண்டு ஓடினான்.
முரசுமோட்டையில் தண்ணீர்
அவனுக்கு முன்னே வந்து நின்றது.
அந்த இரவும் இந்த வெளி
ஒரு சொல்லும் ஏறாமல்
எல்லார் தலைக்கு மேலும் கிடந்தது.

இரண்டு நாற்பதுக்கு ஒரு துடிப்பு.
செக்கனுக்கு ஒன்று, பிசகாமல்,
திரை முழுக்க.
யாரோ இருக்கிறார்கள். மூச்சைப் பிடித்தேன்.
கீழேயிருந்து நெல்சன்:
“அக்கா, அது யானைவேலி.
எங்கேயோ கொடி முட்டிப் பொறி பறக்குது.”
குறிப்பில் எழுதினேன்:
கல்மடுப் பக்கம் ஒரு வேலி விழித்திருக்கிறது.
டெசிபலும் போட்டேன்.

போன கிழமைக் கூட்டத்தில்
அலைவரிசைக்காரரின் அதிகாரி கேட்டார்,
“நாளைக்கு எங்களுக்குத் தேவைப்பட்டால்?”
என் வாய் திறக்குமுன் வாய்க்கால் தலைவி பவளராணி:
“முறைத்தண்ணிதானே ஐயா.
நீங்கள் பாய்ச்சாத ராவில நாங்கள் பாய்ச்சுவம்.
உங்கட முறை வந்தால்
எங்கட மடையை அடைப்பம்.”
என் அறிக்கை நாற்பது பக்கம்.
அதில் இந்த வரி இல்லை.

கிழக்கு வெளுக்கிறது.
காலியின் கட்டத்தில் புள்ளடி போடவில்லை.
ஓரத்தில், பேனை நடுங்க,
இரவல் வாங்கலாம் என்று எழுதினேன்.

பரீட்சார்த்த அனுமதி ஆறு மணிக்குத் தொடங்குகிறது.
ஆறு ஒன்றுக்குக் கருவியை அழுத்தினேன்.
“வான்கதவடி, வான்கதவடி, கேட்குதா?”

ஒட்டு வயலில் ஒரு முளை எழும்பியது.
இரைச்சல். பிறகும் இரைச்சல்.
பிறகு கேதீஸ்வரன்,
பத்துக் கட்டைக்கு அப்பாலிருந்து,
பக்கத்து வேலிக்குள்ளால் கேட்பதுபோல:
“கேட்குது. சாப்பிட்டியளே?”